டிராகன் வளர்த்தால் டீ கிடைக்கும்!

டிராகன் என்றாலே நெருப்பு கக்கும், ஊரை எரிக்கும் என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம்? நியூசிலாந்தைச் சேர்ந்த கே.ஓநீலின் 'தி டீ டிராகன் சொசைட்டி' (2017) காமிக்ஸில் வரும் டிராகன்கள் மடியில் அடங்குபவை. அவற்றின் கொம்பில் தேயிலை துளிர்க்கும்!

கொல்லர் வேலை பழகும் சிறுமி கிரேட்டா, வழிதவறிய டிராகன் ஒன்றைக் காப்பாற்றுகிறாள். அதை வளர்க்கும் ஹெஸகீலிடமே அந்தக் கலையையும் கற்கிறாள். இந்தச் செல்லங்களோடு மல்லுக்கட்டுவது லேசில்லை. பொறுமை வேண்டும், வருஷக்கணக்கில் கவனிப்பு வேண்டும். அதனாலேயே இவற்றை வளர்ப்பவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள்.

ஆனால், அந்த டீயைக் குடித்தால், டிராகனும் வளர்த்தவரும் சேர்ந்து வாழ்ந்த நாள்கள் அப்படியே கண்முன் விரியும். பார்த்துப் பார்த்து வளர்த்ததற்கான பரிசு அதுதான். இந்தக் கதை 2018-ல் இரண்டு ஐஸ்னர் விருதுகளை வென்றது.

'நாய்க்குட்டி வேணும்ப்பா' என்று உங்கள் வீட்டு வாண்டும் அடம்பிடிக்கிறதா? முதலில் இந்தக் கதையைச் சொல்லுங்கள். பிறகு ஒரு துளசித் தொட்டியை அதன் பொறுப்பில் விடுங்கள். ஒரு மாதம் செடி வாடாமல் இருந்தால், நாய்க்குட்டி பற்றிப் பேசலாம்!