நாலு மில்லிமீட்டர் குழப்பம்... குரலில் தீர்க்கும் 'மணி' ஆப்!

200 ரூபாய் நோட்டின் நீளம் 146 மி.மீ. 500 ரூபாய் நோட்டின் நீளம் 150 மி.மீ. அகலம் இரண்டுக்கும் ஒன்றுதான். பார்வையுள்ளவர்களுக்கு நிறமே போதும். விரலால் தடவிப் பார்த்து எண்ணுபவர்களுக்கு, இந்த நாலு மில்லிமீட்டரில் 300 ரூபாய் கைவிட்டுப் போகலாம்.

100, 200, 500 ரூபாய் நோட்டுகளின் ஓரத்தில் புடைப்பான கோடுகள் உண்டு. நோட்டு நைந்துபோனால் அவையும் மழுங்கிவிடும். கடைசியில், 'இது எவ்வளவுங்க?' என்று பணம் வாங்குபவரிடமே கேட்க வேண்டிய நிலை.

இதற்காகவே ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி 1 அன்று 'மணி' ஆப்பை வெளியிட்டது. போன் கேமராவில் நோட்டைக் காட்டினால், அதன் மதிப்பைக் குரலில் சொல்லும். முன்பக்கமோ, பின்பக்கமோ, பாதியாக மடித்ததோ, எப்படிக் காட்டினாலும் சரி. தமிழிலும் பேசும். கட்டணம் இல்லை, டவுன்லோடு செய்தபின் நெட்டும் தேவையில்லை. கள்ள நோட்டை மட்டும் கண்டுபிடிக்காது.

உங்கள் வீட்டில் பார்வைக் குறைபாடு உள்ளவர் இருந்தால், அவரது போனில் இதைப் போட்டுக் கொடுங்கள். ஆண்ட்ராய்டு போன் என்றால் செட்டிங்ஸில் 'டாக்பேக்' வசதியையும் ஆன் செய்யுங்கள். ஒருமுறை தொட்டால் திரையில் இருப்பதை வாசிக்கும். இருமுறை தட்டினால் திறக்கும். வீட்டிலுள்ள நோட்டுகளை வைத்து இரண்டு நாள் பழகினால் போதும், அவர் பணத்தை அவரே எண்ணிக்கொள்வார்.

ஆனால், ஓடும் பஸ்ஸில் நின்றுகொண்டு போனை நீட்ட முடியாது. அங்கே சில்லறை தருபவர், 'இது 200, இது 50' என்று சொல்லிக் கொடுத்தாலே பெரிய உதவி!