மலையை ஓதும் பிள்ளைகளுக்கு மலையைக் காட்டுவோம்



கோடை விடுமுறை வகுப்பில் அல்காஷியா அத்தியாயத்தை மனனம் செய்திருந்த பிள்ளைகளிடம் நாம் ஒரு கேள்வி கேட்டோம். ஒட்டகம், வானம், மலை, பூமி ஆகிய நான்கையும் உற்று நோக்குமாறு அல்லாஹ் மனிதனை அழைக்கும் வசனங்கள் (88:17-20) அந்த அத்தியாயத்தில் உள்ளன. பிள்ளைகள் அவற்றைத் தஜ்வீத் பிழையின்றி ஓதி முடித்திருந்தனர். “உங்களில் கல்வராயன் மலைக்குச் சென்று வந்தவர் யார்?” என்று கேட்டபோது இரண்டு மூன்று கைகளே உயர்ந்தன. “அத்தாவின் கைப்பேசியில் பார்த்திருக்கிறேன், ஹஜ்ரத்” என்றான் ஒரு சிறுவன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகச் சென்றால் ஒரு மணி நேரத்திற்குள் மலையடிவாரத்தை அடைந்துவிடலாம். அங்கே கோமுகி அணை இருக்கிறது. மேலே சென்றால் வெள்ளிமலை, கரியாலூர். அரசுப் பேருந்தும் செல்கிறது. இவ்வளவு அருகில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியை அல்லாஹ் நமக்குத் தந்திருக்க, நம் பிள்ளைகள் மலையைப் பற்றிய வசனத்தை நான்கு சுவர்களுக்குள் அமர்ந்து ஓதுகிறார்கள். இதில் ஆசிரியர்களாகிய நமக்கும் பங்குண்டு என்பதை ஒப்புக்கொண்டே இதனை எழுதுகிறோம்.

ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் பெற்றோர் பலர் நம்மிடம் வைக்கும் வேண்டுகோள் ஒன்றுதான்: “வீட்டில் இவர்கள் தொல்லை தாங்க முடியவில்லை. மாலை வரை மத்ரஸாவிலேயே வைத்துக்கொள்ளுங்கள், ஹஜ்ரத்.” மார்க்கக் கல்வியின் மீதுள்ள ஆர்வத்தால் அனுப்புகிறவர்களும் உண்டு, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பிள்ளையை எங்கேனும் ஒப்படைத்துவிட வேண்டும் என்பதற்காக அனுப்புகிறவர்களும் உண்டு. காலையில் இரண்டு மணி நேரம் ஓதிய ஏழு வயதுப் பிள்ளைக்கு மேலும் ஆறு மணி நேரம் கிதாபு தேவையில்லை. அவனுக்குத் தேவை அத்தாவும் அம்மாவும்தான்.

நபி (ஸல்) அவர்களின் வாழ்வைப் பாருங்கள். அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூஉமைர் ஒரு சிறு குருவியை வைத்து விளையாடி வந்தார். அண்ணலார் அவ்வீட்டிற்கு வரும்போதெல்லாம் அக்குருவியைப் பற்றி அவரிடம் விசாரிப்பார்கள் (புகாரி 6203). ஓர் அழைப்பிற்குத் தோழர்களுடன் சென்றுகொண்டிருந்த வழியில், தெருவில் விளையாடிய பேரர் ஹுஸைனைக் கண்டு, கூட்டத்தினர் அனைவரையும் முந்திச் சென்று கைகளை விரித்தார்கள். குழந்தை இங்குமங்கும் ஓட, அண்ணலார் சிரிப்பு மூட்டியபடியே அவரைப் பிடித்து முத்தமிட்டார்கள் (இப்னு மாஜா 144). உம்மத்தின் பெரும் பொறுப்பைச் சுமந்தவர்களுக்குத் தெருவில் நின்று குழந்தையுடன் விளையாட நேரம் இருந்தது. நமக்கு இல்லை என்று எவ்வாறு சொல்வது?

வெளியே செல்லும் பிள்ளைகளைப் பற்றிக் குர்ஆன் கூறும் ஒரு நிகழ்வும் நம் சிந்தனைக்குரியது. யூஸுஃப் (அலை) அவர்களின் சகோதரர்கள், அவரைத் தங்களுடன் உண்டு விளையாட அனுப்புமாறும், தாங்கள் பாதுகாப்பதாகவும் தந்தையிடம் கேட்டனர். யஃகூப் (அலை) அவர்கள் விளையாட்டைக் குறை கூறவில்லை. நீங்கள் கவனமற்று இருக்கும்போது ஓநாய் தின்றுவிடுமோ என்றுதான் அஞ்சினார்கள் (12:12-13). தந்தையின் அச்சம் ஓநாயோடு நிற்கவில்லை. உடனிருப்பவர்களின் கஃப்லத்தையும், அதாவது கவனமின்மையையும், சேர்த்தே குறித்தது.

நம் பகுதியில் அந்த ஓநாய்க்குத் தண்ணீர் என்று பெயர். விடுமுறைக் காலத்தில் ஏரியிலும் கிணற்றிலும் அணையிலும் மூழ்கிய சிறுவர்களின் ஜனாஸாத் தொழுகையில் நின்றவர்கள் நம்மில் உண்டு. 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என்றும், அவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றும் உலகச் சுகாதார அமைப்பு கணக்கிட்டுள்ளது. மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கூச்சலிடுவதில்லை. வாய் நீருக்குள் இருக்கும்போது குரல் எழும்பாது. பத்தடி தூரத்தில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் தந்தைக்கு எதுவும் கேட்காது.

ஆகவே, பெரிய பையன்களுடன் சிறுவர்களைத் தனியே அனுப்பாதீர்கள். யூஸுஃபை அழைத்துச் சென்றவர்களும் அண்ணன்மார்களே. நீங்களே உடன் செல்லுங்கள். நீர்நிலையருகே சிறு குழந்தை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஒரு நேரத்தில் ஒரு பெரியவர் கண்காணிப்பை மட்டுமே வேலையாகக் கொள்ளட்டும். அவர் கையில் கைப்பேசி வேண்டாம். அணைநீர் மேலே அமைதியாகத் தோன்றினாலும் அடியில் சேறும் திடீர்ப் பள்ளமும் இருக்கும். மேகம், பெரியார் அருவிகளில் கோடையில் நீர் குறைந்திருந்தாலும் பாறை வழுக்கும். மலையில் மழை பெய்தால் சற்று நேரத்தில் வெள்ளம் வரும். ஒருவர் தவறி விழுந்தால், நீந்தத் தெரியாதவர் பின்னால் குதிக்கக் கூடாது. கயிறு, துப்பட்டா, காலிக் குடம் என எது கிடைக்கிறதோ அதை வீசுங்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டு மூன்று உயிர்களை இழந்த குடும்பங்கள் உண்டு.

இந்த அச்சத்தைக் காரணம் காட்டிப் பிள்ளைகளை வீட்டிலேயே பூட்டி வைக்கலாமா? அதுவும் சரியன்று. 3, 4 வயதுக் குழந்தைகள் நாள்தோறும் 3 மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்றும், திரை பார்ப்பது 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும் அதே உலகச் சுகாதார அமைப்பு 2019இல் அறிவுறுத்தியது. நம் இல்லங்களில் இந்த இரண்டும் இடம் மாறியிருக்கின்றன.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். எட்டு, ஒன்பது வயதானதும், “நீ அம்மாவுடன் இரு” என்று அவளை மட்டும் விட்டுச் செல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஆயிஷா (ரலி) அவர்கள் தம் தோழியருடன் பொம்மை வைத்து விளையாடினார்கள். அண்ணலாரைக் கண்டு ஒளிந்துகொண்ட தோழியரை அண்ணலாரே மீண்டும் விளையாட அனுப்பினார்கள் (புகாரி 6130). ஒரு பயணத்தில் ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயமும் ஓடினார்கள் (அபூதாவூத் 2578). மார்க்கம் வரையறுத்த ஒழுக்கத்தைப் பேணியே நம் மகளும் மலைக்காற்றைச் சுவாசிக்கலாம். அவளுடைய அம்மாவும் அப்படியே. அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து பிரியாணி ஆக்கி, மலையிலும் பரிமாறி, திரும்பி வந்து பாத்திரம் கழுவும் பெண்ணுக்கு அது என்ன விடுமுறை? நபி (ஸல்) அவர்கள் தம் குடும்பத்தாரின் வீட்டு வேலைகளில் ஈடுபட்டார்கள் (புகாரி 676). அன்று ஒரு நாளாவது பாத்திரங்களை ஆண்கள் கழுவட்டும். எலுமிச்சைச் சோறும் முட்டையும் போதும்.

மலையில் நாம் விருந்தினர்கள். அங்கு தலைமுறை தலைமுறையாக வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் நம் படங்களுக்கான காட்சிப்பொருள் அல்லர். அவர்களிடம் கடுக்காயோ தேனோ வாங்கினால் அடாவடியாகப் பேரம் பேசாதீர்கள். பிள்ளைகள் முன்னிலையில் அவர்களை மரியாதையுடன் விளித்துப் பேசுங்கள். காய்ந்த காட்டில் அடுப்பு மூட்டாதீர்கள். நீர்த்துறையிலும் பாதையிலும் நிழலிலும் அசுத்தம் செய்வது சாபத்தை வரவழைக்கும் என நபியவர்கள் எச்சரித்திருக்க (அபூதாவூத் 26), நெகிழித் தட்டுகளை ஓடையில் விட்டு வருவது எந்த வகையில் நியாயம்? கொண்டு சென்ற குப்பையைக் கொண்டே திரும்புங்கள்.

தொழுகையைத் தவற விடாதீர்கள். கடும் வெப்பத்தில் லுஹரைச் சற்றுத் தாழ்த்தித் தொழ நபிமொழியில் அனுமதியுண்டு (புகாரி 536). கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை செல்லும் தூரம், நம் பகுதியில் பின்பற்றப்படும் ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளின் அளவுப்படி கஸ்ர் செய்யப் போதாது. முழுமையாகவே தொழ வேண்டும். ஒரு மரநிழலில் பாயை விரித்து, மகனைப் பாங்கு சொல்லச் செய்யுங்கள். அந்தப் பாங்கை அவன் மறக்கமாட்டான்.

பயணச் செலவுக்கு வசதியில்லாதவர்கள் வருந்த வேண்டாம். அஸ்ருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரம் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. ஊர்த் திடலிலோ மொட்டை மாடியிலோ பிள்ளைகளுடன் விளையாடுங்கள். இருட்டத் தொடங்கியதும் அவர்களை வீட்டினுள் அழைத்துக்கொள்ளுமாறு நபிவழி இருக்கிறது (புகாரி 3280), அதையும் பேணுங்கள்.

நம் பங்கிற்கு, இந்தக் கோடையில் வகுப்பைக் காலை பத்து மணியோடு முடித்துக்கொள்கிறோம். மீதி நாளை உங்களிடம் திருப்பித் தருகிறோம். ஒவ்வொருவரும் தம் பொறுப்பில் உள்ளவர் குறித்து விசாரிக்கப்படுவார் என்ற நபிமொழி (புகாரி 893) நம் அனைவருக்கும் பொதுவானது. அடுத்த முறை நாம் வகுப்பில் அதே கேள்வியைக் கேட்கும்போது, அந்தச் சிறுவன் தன் அத்தாவுடன் மலைக்குச் சென்று வந்ததைச் சொல்ல வேண்டும் என ஆசைப்படுகிறோம்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளை எல்லா ஆபத்துகளிலிருந்தும் காத்து, அவர்களை நம் கண்களுக்குக் குளிர்ச்சியாக ஆக்கியருள்வானாக. ஆமீன்.