கேட்காமல் ஏறும் ட்ரைவர்

அப்டேட் ஓடி முடிஞ்சு லப்டொப் திரும்ப எழும்பேக்க சத்தம் வராது, இல்லாட்டி வைஃபை இருக்காது. வவுனியாவில செகண்ட் ஹாண்ட் லப்டொப் வைச்சிருக்கிற எங்களுக்கு இது புதுக்கதை இல்லை. உடனே "வின்டோஸ் திருப்பிப் போடோணும்" எண்டு முடிவெடுத்துக் காசையும் ஃபைல்களையும் தொலைக்கிறம். பல நேரம் மெசினில பிழை இருக்காது. கேட்காமல் வந்து ஏறின ட்ரைவர்தான் பிழை.

2014 ஒக்டோபரில் நடந்ததைப் பாருங்கள். யூஎஸ்பி கேபிள்களிலும் ஆர்டுயினோ போன்ற போர்ட்டுகளிலும் இருக்கும் சிப்புகளைச் செய்கிற எஃப்டிடிஐ நிறுவனத்தின் புதிய ட்ரைவர், வின்டோஸ் அப்டேட் வழியாகத் தானாக இறங்கியது. போலிச் சிப்பைக் கண்டால் அதன் அடையாள எண்ணைப் பூச்சியமாக மாற்றியது. பிறகு வேறு கம்பியூட்டரில் செருகினாலும் அந்தச் சாமான் வேலை செய்யவில்லை. எதிர்ப்பு கிளம்பியதும் ட்ரைவரை மீளப் பெற்றார்கள். கடையில காசு குடுத்து வாங்கினவனுக்கு உள்ளே இருப்பது போலி என்று எப்படித் தெரியும்? போலி செய்தவன் தப்பினான், வாங்கினவன் மாட்டினான்.

"பாதுகாப்புக்கு அப்டேட் வேணும்தானே?" என்று கேட்பீர்கள். வேணும். ஆனால் ஓட்டையை அடைக்கிறதும், நல்லா ஓடுற ட்ரைவரை மாத்துறதும் ஒண்டில்லை. சில ட்ரைவர்களிலும் ஓட்டை இருக்கும்தான். அப்பவும் எங்களைக் கேட்டுப்போட்டுப் போடலாமே?

வின்டோஸ் ப்ரோவில், அப்டேட்டோடு ட்ரைவர் வராமல் குறூப் பொலிசி மூலம் நிறுத்தலாம். மலிவு லப்டொப்புகளோடு வரும் ஹோம் பதிப்பில் அந்தக் கருவியே இல்லை. கூடக் காசு குடுத்தவனுக்குத்தான் "வேண்டாம்" சொல்ல லேசான வழி. இதுதான் என்ர கோபம்.

இப்போதைக்கு எங்கட கையில இருக்கிறது இவ்வளவுதான். டிவைஸ் மனேஜரில பிழையான சாமானின் ப்ரொப்பர்ட்டீஸைத் திறந்து, 'ரோல் பேக் ட்ரைவர்' அமத்துங்கோ. பழைய ட்ரைவர் மிச்சமிருந்தால் திரும்ப வரும். பேந்து கொன்ட்ரோல் பனலில 'டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸ்' தேடி 'நோ' குடுங்கோ. இது எல்லாத்தையும் மறிக்கும் எண்டில்லை. எண்டாலும் ஃபோர்மற் பண்ண முதல் இதைச் செய்து பாருங்கோ.

எங்கட ஊரில ஆரும் வீட்டுக்கு வந்தால் கேற்றடியில நிண்டு கூப்பிட்டுப்போட்டுத்தான் உள்ளுக்கு வருவினம். ட்ரைவரிட்டயும் அந்த மரியாதையைத்தான் கேக்கிறம்.