கோப்பை கழுவுகிறவனின் உலகப் பார்வை

'உலகப் பார்வை' என்ற சொல் ஓல்போர்க்கில் மலிந்து கிடக்கிறது. பல்கலைக்கழக ஆராய்ச்சிக்குள் உலகப் பார்வையைக் கொண்டுவர வேண்டும், ஆசிரியப் பயிற்சிக்குள் உலகப் பார்வையைக் கொண்டுவர வேண்டும் என்று படித்தவர்கள் கூடுமிடமெல்லாம் பேசுகிறார்கள். எங்கிருந்து கொண்டுவருவது என்ற கேள்விக்கு அவர்களிடம் ஒரே பதில்தான் இருக்கிறது: விமானத்தில். ஒரு பேராசிரியர் ஆபிரிக்காவுக்குப் போய்வருவார். நான்கு ஆசிரிய மாணவிகள் சில மாதங்கள் ஏதாவதொரு வெயில் நாட்டில் பயிற்சி எடுத்து, முகம் சிவந்து, படங்களோடு திரும்புவார்கள். உலகம் வந்துவிட்டது! இதே நகரத்தின் பள்ளிக்கூட வாங்குகளிலும் றெஸ்ரோரன்ற் குசினிகளிலும் நாற்பது வருடமாகக் குந்தியிருக்கும் உலகம் இந்தக் கணக்கில் வராது. அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நான் ஆய்வாளன் அல்ல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய படிப்பை முடிக்காமல் வந்தவன். இங்கே ஒரு றெஸ்ரோரன்ரில் முதலில் கோப்பை கழுவி, இப்போது மரக்கறி வெட்டி, சில இரவுகளில் அடுப்படியிலும் நிற்கிறவன். இவனுக்கு இதைப் பேச என்ன தகுதி என்று கேட்பவர்கள் அடுத்த கட்டுரைக்குப் புரட்டிக்கொள்ளலாம்.

ஓல்போர்க் பல்கலைக்கழகம் 1974 செப்ரெம்பர் 1இல் தொடங்கியது. யாழ்ப்பாண வளாகம் அதே ஆண்டு ஓகஸ்ட் 1இல் உருவாக்கப்பட்டது. ஒரு மாத மூப்பு எங்களுக்கு. ஓல்போர்க் தனக்கென்று ஒரு கற்பித்தல் முறையை வளர்த்துப் பெயர் எடுத்திருக்கிறது. விரிவுரையை மனனம் செய்வதல்ல, பிரச்சினை ஒன்றிலிருந்து தொடங்குவது அதன் அடிப்படை. மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து, உண்மை வாழ்க்கையில் ஒரு பிரச்சினையைக் கண்டெடுத்து, ஒவ்வொரு செமஸ்டரிலும் ஏறத்தாழப் பாதி நேரத்தை அதற்குச் செலவழிக்கிறார்கள். இந்த முறையைப் பரப்புவதற்கு 2014இல் யுனெஸ்கோவின் பெயரோடு ஒரு மையமே இங்கே திறக்கப்பட்டது. நல்ல முறை. கொப்பி பார்த்து எழுதியே வளர்ந்த எனக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் பிரச்சினையிலிருந்து தொடங்குவதென்றால், யாருடைய பிரச்சினையிலிருந்து? உலகப் பார்வை வேண்டும் என்று சொல்பவர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டியது இதற்குத்தான்.

டெனிஸ் அபிவிருத்தி உதவி நிறுவனமான டனிடாவின் பணத்தில் 2011இல் ஒரு திட்டம் தொடங்கியது. டெனிஸ் பல்கலைக்கழகங்களைக் காணா, தன்சானியா, உகண்டா, நேபாளம் முதலிய நாடுகளின் பல்கலைக்கழகங்களோடு இணைப்பது நோக்கம். திட்டத்தின் பெயர் 'வலுவான பல்கலைக்கழகங்களைக் கட்டுதல்'. வலுவற்றவர் யார் என்பது பெயரிலேயே முடிந்துவிட்டது. அந்த நாடுகளின் ஆய்வு மாணவர் பலர் இதனால் பயன் பெற்றார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் உகண்டாவிலிருந்து ஒருவர் வந்து, டெனிஸ் கிராமப் பள்ளிக்கூடங்கள் ஏன் மூடப்படுகின்றன, டெனிஸ் முதியவர்கள் ஏன் தனியே இருந்து சாகிறார்கள் என்று ஆராய்வதற்கு யாராவது திட்டம் போட்டார்களா? அவர்களுக்கு இருப்பது 'பிரச்சினை', இவர்களிடம் இருப்பது 'முறை'. இந்தப் பிரிவினை இருக்கும்வரை எத்தனை விமானச் சீட்டு வாங்கினாலும் பார்வை ஒன்றுதான்.

பிரச்சினையிலிருந்து தொடங்கும் ஆராய்ச்சி எங்களுக்குப் புதிதுமல்ல. யாழ் வளாகத்தின் முதல் தலைவராயிருந்த கைலாசபதி, பேர்மிங்ஹாமில் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்தவர். சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தவர். அந்த ஆங்கில நூல் 1968இல் வெளிவந்தது. தமிழைக் கோயிலுக்குள் வைத்துப் பூட்டாமல் உலகத்தின் நடுவில் வைத்தால் என்ன தெரியும் என்பதற்கு அது சாட்சி. பிறகு 1988இல் மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பு யாழ்ப்பாணத்தில் தொடங்கியது. இந்திய இராணுவம், இலங்கை அரசு, எங்கள் இயக்கங்கள் என்று யாரையும் விட்டுவைக்காமல், தம் காலடியில் நடந்ததைச் சாட்சியம் சாட்சியமாகச் சேகரித்து நால்வர் 'முறிந்த பனை'யை எழுதினார்கள். அவர்களுள் ஒருவரான உடற்கூற்றியல் விரிவுரையாளர் ராஜனி திராணகம 1989 செப்ரெம்பர் 21இல், பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். ஓல்போர்க் முறையின் பெயரை அவர்கள் கேள்விப்பட்டிருந்தார்களோ என்னவோ, பிரச்சினையிலிருந்து தொடங்குவது என்றால் என்ன விலை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

உலகத்தை வரவேற்பதாகச் சொல்லும் இந்த நாட்டின் கதவுகளையும் ஒருமுறை தட்டிப் பார்க்கலாம். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து படிக்க வரும் மாணவரிடம் 2006 முதல் கட்டணம் அறவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒருவரின் சம்பளத்தில் அதை நினைத்தும் பார்க்க முடியாது. 2021இல் தொழில்சார் கல்லூரிகளில் ஆங்கிலத்தில் நடந்த படிப்புகளில் பலவற்றை மூட அரசியல் கட்சிகள் உடன்பட்டன. கிழக்கு ஐரோப்பியப் பிள்ளைகளுக்குப் போகும் உதவிப்பணம் கண்ணில் குத்தியது. பிறகு வேலைக்கு ஆள் போதவில்லை என்றதும் 2023இல் பல்கலைக்கழகங்களில் கொஞ்ச இடத்தைத் திரும்பத் திறந்தார்கள். இது பார்வையா, கடைக் கணக்கா?

ஆசிரியப் பயிற்சிக்கு வருகிறேன். எனக்கு நெஞ்சு கொதிப்பது இங்கேதான்.

2013 சீர்திருத்தத்தில், 'இருமொழிப் பிள்ளைகளுக்குக் கற்பித்தல்' என்பதை எல்லா ஆசிரிய மாணவருக்கும் கட்டாயப் பாடமாக்கினார்கள். நல்லது. ஆனால் அந்த 'இருமொழி' என்ற சொல்லைப் பாருங்கள். வீட்டில் ஆங்கிலமும் டெனிசும் பேசும் பிள்ளையை யாரும் அந்தத் தொனியில் இருமொழிப் பிள்ளை என்று அழைப்பதில்லை. அது தமிழ்ப் பிள்ளை, சோமாலியப் பிள்ளை, அரபுப் பிள்ளை என்பதற்கான மரியாதையான மூடுசொல். இரண்டு மொழி தெரிவது செல்வம் என்றல்ல, ஒரு மொழி போதாது என்ற பொருளில்தான் அது ஆசிரியர் அறைகளில் புழங்குகிறது.

எங்கள் றெஸ்ரோரன்ரில் வார இறுதிகளில் பரிமாற வந்த டெனிஸ் பிள்ளை ஒருத்தி ஆசிரியப் பயிற்சி மாணவி. ஒருநாள் தன் பயிற்சி வகுப்பில் இருந்த தமிழ்ப் பையனைப் பற்றிச் சொன்னாள். எல்லாம் விளங்குகிறதாம், ஆனால் 'என்', 'எத்' இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறானாம், வினைச்சொல்லை இடம் தவறி வைக்கிறானாம், அக்கறையில்லாத பிள்ளையாக இருக்கலாமாம். வெங்காயம் வெட்டிக்கொண்டே அவளுக்குச் சொன்னேன்: தமிழில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அப்படி ஒன்றும் வராது. எங்களுக்கு உயர்திணை, அஃறிணை என்று ஒரு நியாயமான பிரிவு இருக்கிறது. உங்கள் மொழியில் கதிரைக்கு 'என்', மேசைக்கு 'எத்'. ஏன் என்று உன்னாலேயே சொல்ல முடியாது. உங்கள் வினைச்சொல் வசனத்தின் இரண்டாவது இடத்தில் நிற்கும், எங்களது கடைசியில் வந்து வசனத்தை முடிக்கும். அந்தப் பையன் இரண்டு ஒழுங்குகளைத் தலைக்குள் வைத்து மாரடிக்கிறான், அவனைப் போய் அக்கறையில்லை என்கிறாய். அவள் வேலையை நிறுத்திவிட்டு பில் எழுதும் தாளில் இதைக் குறித்துக்கொண்டாள். இதை ஏன் வகுப்பில் ஒருவரும் சொல்லவில்லை என்று கேட்டாள். சொல்லக்கூடியவர்கள் எல்லாம் குசினியில் நிற்கிறார்கள் என்றேன். நல்ல பிள்ளை, சிரிக்கவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதியிலிருந்து இந்த நாட்டில் தாய்மொழிக் கல்வி இருந்தது. முதலில் வந்த எம்மவரின் பிள்ளைகளும் அதில் தமிழ் படித்தார்கள். 2002இல் அரசு அதை வெட்டியது. எல்லாருக்கும் அல்ல. ஐரோப்பிய ஒன்றியம், ஐரோப்பியப் பொருளாதார வலயம், பாரோ தீவுகள், கிறீன்லாந்து ஆகியவற்றின் பிள்ளைகளுக்கு மட்டும் கொம்மூனின் கடமை தொடர்ந்தது. போலந்துப் பிள்ளைக்குத் தாய்மொழி உரிமை, தமிழ்ப் பிள்ளைக்குத் தாய்மொழி இடைஞ்சல். உலகப் பார்வையின் எல்லைக்கோடு எங்கே கீறப்பட்டிருக்கிறது என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

டென்மார்க்குக்குத் தமிழ் என்ன தெரியாத மொழியா? 1620இலிருந்து 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கும்வரை தரங்கம்பாடி இவர்கள் கையில் இருந்தது. நான்காம் பிரெடெரிக் அரசன் அனுப்பிய சீகன்பால்கு 1706இல் அங்கே இறங்கி, மணலில் எழுத்துப் பழகும் பிள்ளைகளோடு இருந்து தமிழ் படித்தார். 1716இல் உபதேசியார்களையும் பள்ளியாசிரியர்களையும் பயிற்றுவதற்கு அங்கே ஒரு பாடசாலை தொடங்கினார்கள். டென்மார்க்கிலேயே அரசின் முதல் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி 1791இல்தான் வந்தது! மதம் மாற்றத்தான் போனார்கள், எம்மில் உள்ள அன்பினால் அல்ல. ஆனாலும் தமிழ்ப் பிள்ளைக்குக் கற்பிப்பவனுக்குத் தமிழ் தெரிய வேண்டும் என்ற அளவுக்கு அவர்களுக்கு விளங்கியிருந்தது. முந்நூறு வருடத்தின் பின் அந்த விளக்கம் எங்கே போனது?

எங்களால் இந்த நாட்டில் ஓர் அரசே விழுந்திருக்கிறது. 1987இல் நீதி அமைச்சர் நின் ஹன்சன் தமிழ் அகதிகளின் குடும்பங்கள் வந்து சேர்வதைச் சட்டவிரோதமாகத் தடுத்தார். மனைவியரும் பிள்ளைகளும் யுத்தத்துக்குள் காத்துக்கிடந்தார்கள். விசாரணை அறிக்கை வெளிவந்ததும் 1993 ஜனவரியில் பிரதமர் சுலூட்டர் பதவி விலகினார். 1995இல் அமைச்சருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. 2009இல் பள்ளிக்கூடங்களுக்கென்று 29 விடயங்கள் கொண்ட வரலாற்றுப் பட்டியல் ஒன்றை வகுத்தார்கள். அதில் துத்தன்காமுன் இருக்கிறார். தமிழர் விவகாரம் இல்லை. எகிப்தின் அரசன் செத்து மூவாயிரம் வருடம், அவனால் இனி யாருக்கும் சங்கடமில்லை.

நிற்க. டெனிஸ்காரனை மட்டும் திட்டிவிட்டு நித்திரைக்குப் போவது எங்களுக்கு வசதியான பழக்கம். அரசு 2002இல் கைவிட்டதை நாங்கள் சனி ஞாயிறுகளில் தூக்கிப் பிடித்தோம். பெற்றோர் தம் ஓய்வு நாளைக் கொடுத்து நடத்திய அந்தப் பள்ளிக்கூடங்களைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் நான் கண்ட வகுப்புகளில் என்ன நடக்கிறது? பனைமரம், பொங்கற்பானை, மனனத்துக்கு நாலு பாட்டு. 1990 ஒக்ரோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் துரத்தியது வராது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் யார் யாரைத் தடுத்தார்கள் என்பது வராது. பிள்ளை டெனிஸ் வகுப்பில் கேள்வி கேட்கப் பழகி வருகிறது, எங்கள் வகுப்பில் வாயை மூடப் பழகுகிறது. 2009இல் முடிந்த யுத்தத்தைப் பற்றி அது கேட்கும் முதல் கேள்விக்கே எங்களுக்கு முகம் சுருங்குகிறது. எங்களுடைய பட்டியலிலும் 29 விடயங்கள்தான், துத்தன்காமுன் வேறு ஆள்.

இன்னொன்று. டாக்குத்தர், எஞ்சினியர், பார்மசி என்று பிள்ளைகளைத் துரத்துகிறோம். ஆசிரியப் பயிற்சிக்குப் போகப் போகிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால் வீட்டில் செத்தவீடு. "வாத்தியாராக்கவோ தம்பி இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்று என்னிடமே ஓர் ஐயா கேட்டார். ஊரில் வாத்தியார் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நின்ற தலைமுறை அது. எங்கள் பிள்ளைகள் அந்தக் கல்லூரிகளுக்குள் போகாவிட்டால், எங்களைப் பற்றி அங்கே யார் பேசுவது? பில் தாளில் எழுதிக் கொடுக்கும் இலக்கணம் எத்தனை வகுப்புக்குப் போதும்?

ஓல்போர்க்கிலும் யோறிங்கிலும் ஆசிரியப் பயிற்சி இருக்கிறது. நான்கு வருடம். இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை, அரசின் உதவிப்பணமும் உண்டு. விண்ணப்பத்துக்கு இரண்டு கடைசித் திகதிகள்: புள்ளிகளை மட்டும் வைத்துத் தெரிவாகிறவர்களுக்கு யூலை 5, வேறு தகுதிகளைக் காட்டுகிறவர்களுக்கு மார்ச் 15. மார்ச் மாத விண்ணப்பத்தில் தன்னைப் பற்றி எழுத இடமிருக்கும். தமிழ் தெரியும் என்பதை அங்கே முதல் வரியில் எழுதச் சொல்லுங்கள்.