தலைவனுக்கு ஓர் அடையாளம்

மாரிகால விடுமுறை ஒன்றில், எலுவன்குளத்திலே நண்பர் ஒருவரின் இல்லத்தில் மூன்று நாள் தங்க நேர்ந்தது. புத்தளத்துக்கு வடக்கே, கலா ஓயா கடலோடு கலக்கும் இடத்துக்கு அணித்தாய், வில்பத்துக் காட்டின் ஓரத்தில் அமைந்த ஊர் அது. ஒருபுறம் காடு, மறுபுறம் கண்டல் மரங்கள், நடுவே மன்னாரை நோக்கிச் செல்லும் பழைய வீதி. நாம் சென்ற மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. கலா ஓயா பெருகிச் சப்பாத்துப் பாலத்தின்மேல் ஓடத் தொடங்கிவிட்டது என்று செய்தி வந்தது. பெரியவர்கள் கதிரைகளிலும் சிறுவர்கள் விறாந்தைத் தரையிலுமாக வீட்டோடு அடங்கிக் கிடந்தோம்.

நண்பருக்கு இரு மக்கள். மூத்தவள் பதினொரு வயதுப் பெண். இளையவன் அவளுக்கு இரண்டு வயது குறைந்தவன். அயல் வீட்டுச் சிறுவர் மூவரும் மழையைப் பொருட்படுத்தாது வந்து சேர்ந்தனர். விளையாட்டுத் தொடங்கிற்று. இளையவன் இரண்டு போத்தல் மூடிகளை ஓர் இறப்பர் நாடாவிற் கோத்து நெற்றியிலே கட்டிக்கொண்டான். அதைக் கட்டியவன்தான் தலைவனாம். மற்றவர் அவன் பின்னே செல்லவேண்டுமாம்.

இஃது என்ன புது வழக்கம் என்று விசாரித்தோம். கைத்தொலைபேசியிலே அவர்கள் பார்க்கும் யப்பானியச் சித்திரத் தொடரின் வழக்கம் என்று விடை கிடைத்தது. படங்களையும் காட்டினார்கள். நண்பரின் தந்தையார் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பின்னர், "இதென்ன, எல்லாரும் ஒருவனைப் போலவே இருக்கிறார்கள்? விறைத்த தலைமயிர், நெற்றியிலே கண்ணாடி! வேறு முகம் வரையத் தெரியாதோ?" என்று கேட்டார்.

பேரன் விட்டானில்லை. "தாத்தா, நீங்கள் பார்த்த கூத்திலும் ராசாக்கள் எல்லாரும் ஒரேமாதிரி முடிதானே வைத்துக்கொண்டு வருவார்கள்? நீங்கள்தானே சொன்னீர்கள்!" என்றான்.

முதியவர் சிரித்துவிட்டார். இளமையிற் சில காலம் மட்டக்களப்பிலே தொழில் பார்த்தவர் அவர். அங்கே விடிய விடியக் கண்ட கூத்துகளைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தவர். தம் சொல்லாலேயே மடக்கப்பட்டார்.

ஆயினும் அச்சிறுவனுடைய விடை நம்மைச் சிந்திக்க வைத்தது. தலைவன் என்றால் அவனுக்கு ஓர் அடையாளம் ஏன் வேண்டும்? அவ்வடையாளம் ஏன் திரும்பத் திரும்ப வரவேண்டும்?

முதலிற் சிறுவர்களின் தொடரையே எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் டிஜிமோன். 1997ஆம் ஆண்டிலே யப்பானின் பண்டாய் நிறுவனம் உள்ளங்கையில் வைத்து வளர்க்கும் மின் விளையாட்டுப் பிராணியாக அதனை வெளியிட்டது. 1999ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அது தொலைக்காட்சித் தொடராயிற்று. முதற்றொடரின் தலைவன் தாயிச்சி என்னும் சிறுவன். முன்பின் ஆராயாது பாய்கிறவன். தோழருக்கு இடர் என்றால் முதலில் ஓடுகிறவன். அவன் தலையிலே வாகனம் ஓட்டுவோர் அணிவது போன்ற பெரிய காப்புக் கண்ணாடி ஒன்று இருந்தது. அடுத்த ஆண்டு வந்த தொடரிலே அக்கண்ணாடி தாயிச்சியின் கையிலிருந்து தாயிசுக்கே என்னும் இளையவனுக்குச் செல்கிறது. முடி சூட்டுவதற்கு ஒப்பான செயல் அது. 2001இல் தக்காத்தோ, 2002இல் தக்குயா, 2010இல் தாயிக்கி எனத் தலைவர்கள் மாறினர், கண்ணாடி மாறவில்லை. 2006இல் வந்த மசாரு ஒருவன் மட்டும் அதை அணியாது, கைம்முட்டியையே நம்பி நின்றான்.

தோற்றத்தைப் போலவே குணமும் திரும்ப வருகின்றது. தலைவன் துணிந்தவன், அவசரக்காரன், உள்ளத்தில் உள்ளதை மறைக்கத் தெரியாதவன். அவனருகே அமைதியும் இறுக்கமும் உடைய போட்டியாளன் ஒருவனைப் பெரும்பாலும் காணலாம். இருவரும் முதலில் மோதுவர். பின்னர் ஒருவரை ஒருவர் தாங்குவர். யப்பானியரின் பிற கதைகளிலும் இவ்வகைத் தலைவர்கள் பலர் உளர். 1984இல் அக்கிரா தொரியாமா படைத்த கோக்கு எல்லையில்லாது உண்பவன், கள்ளமற்றவன், அடிபட அடிபட வலிமை பெறுபவன். அவனைக் காணும் நம்மவர்க்குப் பகாசுரனுக்கென அனுப்பிய வண்டிச் சோற்றைத் தானே உண்டு தீர்த்த வீமனின் நினைவு வாராதிராது.

ஒரே வார்ப்பு ஏன் மீண்டும் மீண்டும் எடுக்கப்படுகின்றது? வாணிகம் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. அடையாளம் உள்ள பொம்மை விலைபோகும். ஆனால் அதனினும் பழைய காரணம் ஒன்று உண்டு. சித்திரத்தில் உருவங்கள் சிறியன, அசைவுகள் விரைவானவை. கூட்டத்தின் நடுவே தலைவன் எவன் என்பதைப் பிள்ளையின் கண் நொடியிற் கண்டுகொள்ளவேண்டும். நிழலுருவைக் கண்டே பெயர் சொல்லக்கூடியதாயிருந்தால்தான் பிள்ளை அவனைத் தன் கொப்பியின் ஓரத்திலே வரைந்து பழகும்.

நமது கூத்தின் நியாயமும் இதுவே. வட்டக்களரியைச் சுற்றி ஊரே அமர்ந்திருக்கும். ஒளி தருபவை தீப்பந்தங்கள். பின்வரிசையில் உள்ளவனுக்கு நடிகனுடைய முகம் தெரியாது. வடமோடிக் கூத்தின் அரசன் கவிழ்த்த கரப்பைப் போல் விரிந்து நிற்கும் கரப்புடுப்பும், தலையிலே உயர்ந்த கிரீடமுமாக வருகிறான். பாத்திரத்தின் தகுதிக்கேற்ற வரவுத் தாளத்தை மத்தளம் முன்னதாகவே அறிவித்துவிடுகின்றது. ஆடி வருகிறவன் வாய் திறக்குமுன்னரே, வருபவன் யார் என்பது ஊருக்குத் தெரிந்துவிடும்.

இன்னும் பின்னோக்கிச் சென்றால் மூவேந்தரையே காண்கிறோம். சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்திப்பூ, பாண்டியனுக்கு வேப்பம்பூ. அரசர் மாறினர், ஆண்டுகள் நூற்றுக்கணக்கிற் கழிந்தன, பூ மாறவில்லை. போர்க்களத்தின் புழுதியிலே தன்னவன் யார், மாற்றான் யார் என்று அறிய உதவிய பூக்கள் அவை. ஆதலால், விறைத்த மயிரையும் நெற்றிக் கண்ணாடியையும் கண்டு நாம் நகைப்பதற்கு இடமில்லை.

எனினும் அடையாளம் மட்டும் கதையாகிவிடாது. நல்ல கலைஞன் பழைய உடுப்புக்குள் புதிய உள்ளத்தை வைக்கிறான். 2001ஆம் ஆண்டுத் தொடரின் தக்காத்தோவைப் பாருங்கள். அவன் தலையிலும் அதே கண்ணாடி உண்டு. ஆனால் அவன் பயந்தவன், எளிதில் அழுபவன், தன் கொப்பியிலே ஓவியம் வரைந்துகொண்டிருப்பவன். அவன் வரைந்த பிராணியே உயிர்பெற்று அவன்முன் வந்து நிற்கின்றது. தலைமை அவனுடைய இயல்பாக வரவில்லை; பழகிப் பெற்றுக்கொள்கிறான். நம் நாட்டிலும் இதற்கு ஒப்பான முயற்சி நடந்ததுண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்திலே கூத்துகளை அரங்கேற்றிய காலத்தில், 1964இல், சி. மௌனகுரு எழுதிய 'இராவணேசன்' மேடையேறியது. முடியும் ஆட்டமும் தாளமும் வடமோடிக்குரியவையே. ஆனால் அம்முடியின் கீழே நின்ற இராவணன், தன் வீழ்ச்சியைத் தானே உணர்ந்து துயருறும் மனிதனாக இருந்தான்.

இவற்றையெல்லாம் நாம் முதியவரிடம் எடுத்துரைத்துக்கொண்டிருந்தோம். நம் விளக்கத்தில் நமக்கே ஒரு நிறைவும் உண்டாயிற்று. அப்பொழுது மூத்த பெண் அருகில் வந்து நின்றாள். விளையாட்டில் அவள் இல்லை என்பதை அதுவரை நாம் கவனிக்கவில்லை.

"சேர், ஒன்று கேட்கட்டுமா? கண்ணாடி ஏன் ஒருமுறையேனும் பெண்பிள்ளைக்குக் கொடுக்கவில்லை? நான் கேட்டால் தம்பியும் தரமாட்டான். அது பெடியன்களுக்குத்தானாம்."

நமக்கு விடை வரவில்லை. தலைவர்களை வரிசையாக எண்ணிப் பார்த்தோம். 1999 முதல் 2010 வரை வந்த ஆறு தொடர்களிலும் முதன்மைத் தலைவர்கள் சிறுவர்களே. பெண்பிள்ளைகளையே தலைவியராகக் கொண்ட பிரிட்டி கியூர் என்னும் தொடர் 2004இல் யப்பானில் தொடங்கிற்று என்பதையும், அதன் சிறுமியர் தம் கையாலும் காலாலுமே பொருதனர் என்பதையும் கூறினோம். அதன் முதற் றலைவி கறுப்புடையில் வந்தாள். பின்வந்த தலைவியரில் மிகப் பலருக்கு இளஞ்சிவப்பு உடையே அடையாளமாயிற்று. பெண் கேட்டுக்கொண்டாள். ஆனால், "அது வேறு கதைதானே, சேர்?" என்றாள். உண்மைதான். அவள் கேட்டது வேறொரு விளையாட்டை அன்று. விறாந்தையிலே நடக்கும் அந்த விளையாட்டில் ஓர் இடத்தை.

அப்போது முதியவர் பேத்தியை அருகே அழைத்தார். அவர் உடப்பிலே பிறந்தவர். இளமையில் நோன்பிருந்து அங்கே தீ மிதித்தவர். புத்தளத்துக்குத் தெற்கே, அதே மாவட்டத்துக் கரையோரத்தில் உள்ள மீனவர் ஊர் உடப்பு. அங்கே திரௌபதை அம்மனுக்கு ஆண்டுதோறும் தீமிதிப்பு விழா நடைபெறும்.

"மகள், பாரதத்திலே வில்லெடுத்தவன் அருச்சுனன். கதையெடுத்தவன் வீமன். ஆனால் எங்கள் ஊரிலே அம்மன் யார்?" என்று கேட்டார்.

"திரௌபதை."

"அவளுக்கு என்ன அடையாளம்?"

சிறுமி சற்று எண்ணினாள். தாத்தாவிடம் பலமுறை கேட்ட கதைதான். "தலைமுடி" என்றாள்.

ஆம், விரித்த கூந்தல். சபையிலே பற்றி இழுக்கப்பட்ட கூந்தல் அது. பகை முடியும்வரை முடியேன் என்று அவள் சூளுரைத்த கூந்தல். பதின்மூன்றாண்டு காடும் கரந்துறைவும், பதினெட்டு நாட் போரும் அந்தக் கூந்தலின் பின்னே சென்றன என்று சொன்னாலும் பொருந்தும். ஐவரும் தம் சபதத்தை மறந்திருக்கலாம். அவளைக் காணுந்தோறும் மறக்க முடியாதிருந்தது. தலைமயிரால் அடையாளம் பெறும் யப்பானியத் தலைவர் பலரைச் சற்று முன்பு பார்த்தோம். அவர்களுக்கு மயிர் அழகு. அவளுக்கு அது சொன்ன சொல். நாம் ஏடுகளிலிருந்து ஒரு மணி நேரம் விளக்கியதை, உடப்பு முதியவர் இரண்டு வினாக்களில் முடித்துவிட்டார். அடையாளம் என்பது பின்னே நிற்கும் உறுதியினாலேயே மதிப்புப் பெறுகின்றது. உறுதி உள்ளவர் எவராயினும், அவருக்கு அதை அணிய உரிமை உண்டு.

மூன்றாம் நாள் மழை விட்டது. நாம் புறப்படும்போது அப்பெண் ஒரு தாளைக் கொண்டுவந்து தந்தாள். கண்டல் மரங்களின் நடுவே ஒரு சிறுமி நிற்கிறாள், பின்னே வெள்ளம், விரிந்த கூந்தல் தாளின் விளிம்புவரை பரந்திருக்கிறது.

"இவளுக்குக் கண்ணாடி வேண்டாமா?" என்று கேட்டோம்.

"வேண்டாம், சேர். தலைமுடி போதும்" என்றாள்.

பேருந்தில் வரும்போது அந்தப் படம் நம் மடியில் இருந்தது. மனம் மட்டும் நிம்மதி கொள்ளவில்லை. கல்லூரியிலே நாடகம் பழக்கும் பணி பல ஆண்டுகளாக நம்முடையது. அரசன் வேடத்துக்கு நாம் யாரைத் தேர்ந்து வந்திருக்கிறோம்? உயரமானவனை, குரல் பெரியவனை, முன்வரிசையில் இருந்து கை உயர்த்துகிறவனை. ஒவ்வோர் ஆண்டும் அதே வார்ப்பு. யப்பானியரிடம் நாம் கண்ட குறை நம் வகுப்பறையிலும் இருந்தது. ஒருமுறை, பின்வாங்கில் இருந்த மெல்லிய குரல் மாணவன் ஒருவன் கர்ணன் வேடம் கேட்டு வந்தான். கர்ணனுடைய பகுதி முழுவதையும் மனனம் செய்திருந்தான். அவன் குரல் பின்வரிசைக்குக் கேளாது என்று சொல்லி, அவனுக்குத் தீப்பந்தம் பிடிக்கும் வேலையைக் கொடுத்தோம். மறுத்தவனும் அல்லன், முகம் வாடியவனும் அல்லன். மும்முறை மேடையேறிய அந்நாடகத்தில் மும்முறையும் தீப்பந்தம் பிடித்தான். அதன்பின் எதையும் அவன் நம்மிடம் கேட்கவில்லை. தக்காத்தோவைப் பற்றி எலுவன்குளத்திலே நாம் அவ்வளவு பேசியபோது, இவன் நினைவுக்கு வராமற் போனான் என்பதே நமக்கு நாணமாயிருக்கிறது.

பெற்றோர்களும் ஆசிரியர்களும் பிள்ளைகளின் சித்திரத் தொடர்களைக் கண்டு சினக்கவேண்டியதில்லை. அருகில் அமர்ந்து பாருங்கள். தலைவனை எதனால் அறிந்துகொள்கிறாய் என்று கேளுங்கள். அவன் என்ன உறுதி கொண்டான் என்றும் கேளுங்கள். பின்பு வீட்டிலே விளையாடும்போது, போத்தல் மூடிக் கண்ணாடி எந்த நெற்றியில் இருக்கிறது, யார் ஓரத்தில் நிற்கிறார் என்பதையும் ஒருமுறை கவனியுங்கள்.

அடுத்த தவணை நாடகத்துக்கு எல்லா மாணவரையும் வாசிக்கச் செய்த பின்னரே வேடங்களைப் பகிர்வது என்று முடிவு செய்திருக்கிறோம். மெல்லிய குரலைப் பெருக்கிக் காட்டக் கருவிகள் உண்டு. கேட்காமல் விடப்பட்ட பிள்ளைக்கு நாம்தான் செவி கொடுக்கவேண்டும்.