ஐந்து நாள் முகாமுக்குப் பிறகு?

பதின்ம வயதினர் மலையேற்றம், பாறையேற்றம் என்று கிளம்பினால், “எதற்கு இந்த ஆபத்து?” என்பதே பல வீடுகளில் எழும் முதல் கேள்வி. அச்சத்துக்குக் காரணம் உண்டு. 2015இல் கினபாலு மலையை உலுக்கிய நிலநடுக்கத்தில் சிங்கப்பூர் மாணவர்கள் மாண்டனர். 2021இல் உயரத்தில் நடந்த சாகசப் பயிற்சியில் ஒரு மாணவர் உயிரிழந்தார். உடனே கல்வி அமைச்சு அத்தகைய நடவடிக்கைகளை நிறுத்திவைத்தது. ஆனால் சாகசக் கல்வியைக் கைவிடவில்லை. உயர்நிலை 3 மாணவர்களுக்கான ஐந்து நாள் முகாம் புலாவ் உபினில் தொடர்கிறது.

அது சரியான முடிவு என்பேன். முடிச்சைச் சரிபார்ப்பதும், வானம் இருண்டால் பாதி வழியில் திரும்புவதும் பயிற்சியில்தான் வரும். தடை போட்டால் ஆர்வம் அடங்காது. பயிற்சியின்றி வெளியே போகும்.

குறை வேறிடத்தில் உள்ளது. முகாம் முடிந்தபின் ஏறுசுவர்க் கட்டணம், காலணி வாடகை எல்லாம் கைக்காசு. என் தங்கைக்கு மாதம் ஒருமுறைதான் கட்டுப்படியாகிறது. பள்ளியில் இதற்கான இணைப்பாட நடவடிக்கையும் இல்லை. எல்லாரிடமும் ஆர்வத்தை மூட்டிவிட்டு, வசதியுள்ளவர் மட்டும் தொடர்வது நியாயமா? ஏறுசுவர் உள்ள பள்ளிகளும் சமூக மன்றங்களும் விடுமுறையில் பயிற்றுநருடன், குறைந்த கட்டணத்தில் மாணவர்களுக்குக் கதவைத் திறக்கலாமே!