விரித்ததைச் சுருட்ட முடியுமா?

வயலில் பிளாஸ்டிக் என்றதும் காற்றில் பறந்து வந்த பைகள்தாம் உங்கள் நினைவுக்கு வரும். ஆனால் உழவரே விலை கொடுத்து வாங்கி விரிக்கும் பிளாஸ்டிக்கும் உண்டு. அதுதான் நிலப்போர்வை. பாலித்தீன் தாளைப் பாத்தியின்மேல் விரித்து, துளையிட்டுச் செடி நடுவார்கள். மண்ணின் ஈரம் காக்கப்படும், களை அடங்கும்.

சீனாவில் 1970களின் இறுதியில் இம்முறை பரவத் தொடங்கியது. பாலைவனத்தை ஒட்டிய சின்ஜியாங் பகுதியில் பருத்தி செழித்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அந்நாட்டில் நெடுங்காலம் விரித்த தாளின் கனம் சுமார் 0.008 மில்லிமீட்டர்தான். தலைமயிரின் கனத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு! அறுவடைக்குப் பின் சுருட்டப் போனால் தொட்ட இடத்தில் கிழியும். மிச்சம் மண்ணிலேயே தங்கிவிடும்.

வைக்கோல் மட்கி உரமாகும். பாலித்தீனின் நீண்ட கரிச் சங்கிலியையோ நுண்ணுயிர்களால் எளிதில் அறுக்க முடியாது. வெயிலும் ஏரும் அதை நொறுக்க மட்டுமே செய்யும். 5 மில்லிமீட்டருக்கும் சிறிதானால் அது நுண்பிளாஸ்டிக். பெரிய துண்டுகள் வேரையும் நீரையும் தடுக்கின்றன. சிறிய துகள்களை மண்புழு விழுங்குகிறது. 2016இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையில், இலைச்சருகில் நுண்பிளாஸ்டிக்கை மிகுதியாகக் கலந்தபோது மண்புழுக்களின் வளர்ச்சி குன்றியது, இறப்பும் கூடியது. சாதாரண வயலில் அவ்வளவு துகள் இல்லை என்பது உண்மையே. ஆனால் ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே போகும் பொருளை அலட்சியம் செய்யலாமா?

அப்படியானால் நிலப்போர்வையைத் தடை செய்துவிடலாமா? வேண்டாம் என்பேன். நீர் குறைந்த நிலத்தில் அதை விட்டால் விளைச்சல் குறையும். போர்வை குற்றமன்று, திரும்ப எடுக்க முடியாதபடி அதை மெல்லியதாகச் செய்ததே குற்றம். குறைந்தது 0.01 மில்லிமீட்டர் கனம் வேண்டும் என்று 2017இல் சீனா தரவிதி வகுத்தது. நல்ல தொடக்கம், ஆனால் போதாது. கனத்த தாளுக்கு விலை கூடுதல். பொறுக்கி எடுக்கக் கூலி வேறு. இந்தச் சுமையை உழவர் தலையில் மட்டும் ஏற்றுவது நியாயமா? தாளை விற்றவரே பழையதை விலை கொடுத்துத் திரும்பப் பெறவேண்டும்.

நம் ஊர்களிலும் தர்பூசணி, தக்காளித் தோட்டங்களில் நிலப்போர்வை விரிக்கிறார்கள். அருகில் அப்படியொரு தோட்டம் இருந்தால், அனுமதி கேட்டு ஒரு பிடி மண் எடுத்து உலர்த்தி, ஒரு தம்ளர் நீரில் கலக்குங்கள். பாலித்தீன் நீரைவிட லேசானது, மிதந்து வரும். மிதப்பதை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். பிறகு அந்த உழவரிடமே கேளுங்கள்: "ஐயா, பழைய தாளை யாராவது திரும்ப வாங்கிக்கொள்கிறார்களா?"